பக்கத்தில் இருப்பவரின் நான்கு நிமிடங்கள்: நாலோக்சோன் பயிற்சி குறித்த ஓர் ஆய்வு

அபினியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மார்ஃபின், அதை வேதிமுறையில் மாற்றிப் பெறப்படும் ஹெராயின், முழுக்க ஆய்வுக்கூடத்திலேயே தயாராகும் ஃபென்டனில் ஆகிய அனைத்தையும் மருத்துவம் ‘ஓப்பியாய்டு’ என்னும் ஒரே பெயரால் சுட்டுகிறது. மூளையின் நரம்பணுக்களில் இவை பற்றிக்கொள்ளும் இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். வலியைத் தணிப்பதும் மயக்கமூட்டும் இன்பத்தைத் தருவதும் எந்த வகை ஏற்பியோ, அதே வகை ஏற்பிதான் மூச்சை நடத்தும் மூளைத்தண்டிலும் இருக்கிறது. இரத்தத்தில் கரியமிலவாயு மிகும்போது ‘மூச்சை இழு’ என்று ஆணையிடும் அந்த நரம்பணுக்கள் ஓப்பியாய்டின் பிடியில் மந்தமாகி, அளவு மிகும்போது அறவே அடங்கிவிடுகின்றன. மூச்சுவிட வேண்டும் என்பதையே உடல் மறந்துபோகும் இந்த நிலைதான் ஓப்பியாய்டு மிகையளவு எனப்படுகிறது. இதயம் துடித்துக்கொண்டிருக்க, மூச்சு மட்டும் முதலில் நின்றுபோவது இதன் தனி இயல்பு.

மூச்சு நின்ற மூளை நான்கைந்து நிமிடங்களுக்கு மேல் சேதமின்றித் தாங்காது. அமெரிக்காவில் அவசர ஊர்தி ஓர் அழைப்புக்கு வந்து சேரச் சராசரியாக ஏழு நிமிடங்கள் ஆகின்றன. சிற்றூர்ப் பகுதிகளில் அது ஏறத்தாழ இருமடங்கு. இந்த இரு எண்களுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் பல உயிர்கள் போகின்றன. அந்த வெளியை மருத்துவமனை எவ்வளவு சிறந்ததாயினும் நிரப்ப முடியாது, பக்கத்தில் இருப்பவர் மட்டுமே நிரப்ப முடியும் என்ற எளிய கணக்கிலிருந்து பிறந்ததே சமூக மிகையளவுப் பயிற்சி. மிகையளவின் அறிகுறியை அறிவது, ஆம்புலன்ஸை அழைப்பது, மூச்சு ஊதுவது, நாலோக்சோன் என்னும் மாற்று மருந்தைச் செலுத்துவது ஆகிய நான்கையும் மருத்துவப் படிப்பு இல்லாதவருக்குக் கற்றுக்கொடுத்து, மருந்தையும் கையில் கொடுத்து அனுப்புவதே அதன் சாரம். அவரால் இது முடியுமா என்ற கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளில் விடை கிடைத்துவிட்டது. மருந்து யார் கையில் போய்ச் சேர வேண்டும் என்ற கேள்விதான் இன்றும் விவாதத்துக்குரியதாக இருக்கிறது. அதற்கான விடை பல அரசுகளுக்கு உவப்பாக இல்லை.

நாலோக்சோனை உருவாக்கியவர்கள் மோசஸ் லெவன்ஸ்டீன், ஜாக் ஃபிஷ்மன் என்னும் இருவர். 1961இல் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது, 1971இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. ஏற்பியை ஹெராயினைவிட இறுக்கமாகப் பற்றிக்கொண்டு, ஆனால் அதைத் தூண்டாமல் வெறுமனே இடத்தை அடைத்துக்கொள்வதே இம்மருந்தின் வேலை. வாடகைக்கு இருப்பவரை வெளியேற்றிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பவரைப் போன்றது. உடலில் ஓப்பியாய்டு இல்லாதவருக்குச் செலுத்தினால் குறிப்பிடத்தக்க விளைவு எதுவும் இராது. போதை பழக்கும் தன்மையும் இதற்கில்லை. தவறான ஆளுக்குத் தவறான நேரத்தில் கொடுத்தாலும் தீங்கு மிகக் குறைவு என்ற இந்தப் பண்புதான் இதை மருத்துவரின் கையிலிருந்து பொதுமக்களின் கைக்கு மாற்றுவதற்கு வழிவிட்டது. 1983 முதலே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றிருந்தும், அடுத்த பல ஆண்டுகள் இது மயக்கவியல் அறையிலும் ஆம்புலன்ஸிலும் மட்டுமே அடைபட்டுக் கிடந்தது.

அந்த அடைப்பை முதலில் உடைத்தது அரசு அல்ல. டான் பிக் என்பவர் முன்னின்று நடத்திய சிகாகோ மீட்பு ஒன்றியம், சுத்தமான ஊசிகளை வழங்கிவந்த தன் வாகனங்களிலிருந்தே 1996 முதல் நாலோக்சோனையும் போதைப்பொருள் பயன்படுத்துவோருக்கு வழங்கத் தொடங்கியது. மருத்துவர் பரிந்துரைச்சீட்டு எழுதிக் கொடுத்தாலும், அந்தச் சீட்டில் பெயருள்ளவர் தம்மேல் அதைப் பயன்படுத்திக்கொள்ள இயலாது, மயங்கிக் கிடப்பவருக்கு இன்னொருவர்தான் செலுத்த வேண்டும் என்பதால், சட்டம் எதிர்பாராத ஓர் இடுக்கில் இத்திட்டம் இயங்க வேண்டியிருந்தது. அதே 1996இல் ஜான் ஸ்ட்ராங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த மருந்தை வீட்டிலேயே வைத்திருக்கத் தரலாம் என்ற கருத்தை முன்வைத்தனர். அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாக நியூ மெக்சிகோ 2001இல் இதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. சான்றுகள் திரண்ட பின் கொள்கை வந்தது என்று பொதுச் சுகாதார வரலாறு எழுதப்படுவதுண்டு. இங்கே நண்பர்களைப் புதைத்துக் களைத்தவர்கள் முதலில் செய்தார்கள், அளந்து பார்ப்பது பின்னர்தான் நடந்தது.

அப்படி அளந்து பார்த்தவற்றுள் தொடக்கத்தில் கிடைத்தவை எண்ணிக்கைகள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நாடெங்குமுள்ள திட்டங்களிடம் கேட்டுத் தொகுத்தபோது, 1996 தொடங்கி 2014 ஜூன் வரை 1,52,283 பொதுமக்களுக்குப் பயிற்சியுடன் மருந்து வழங்கப்பட்டதும், அவர்கள் 26,463 மிகையளவு நிகழ்வுகளில் மூச்சை மீட்டதாகத் திரும்பி வந்து சொன்னதும் தெரியவந்தது. இவ்வெண்ணை அப்படியே காப்பாற்றப்பட்ட உயிர்களின் எண்ணாகக் கொள்வது சரியாகாது. மிகையளவுக்கு ஆளாகும் அனைவரும் இறந்துவிடுவதில்லை. பலர் தாமாகவே தெளிவதும் உண்டு. மறுபுறம், மருந்தைப் பயன்படுத்திவிட்டு யாரிடமும் தெரிவிக்காமல் போனவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. ஆகவே இதை மருந்து உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கான அடையாளமாக மட்டுமே படிக்க வேண்டும்.

உயிர் பிழைத்ததற்கான சான்று மாசசூசெட்ஸிலிருந்து வந்தது. அம்மாநிலத்தின் 19 ஊர்களை 2002 முதல் 2009 வரை ஒப்பிட்ட அலெக்சாண்டர் வாலியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயிற்சியே நடவாத ஆண்டுகளோடு ஒப்பிட, ஒரு லட்சம் பேருக்கு நூறு பேர் வரை பயிற்சி பெற்ற இடங்களில் மிகையளவு இறப்பு வீதம் 27 விழுக்காடும், நூறைத் தாண்டிய இடங்களில் 46 விழுக்காடும் குறைவாக இருந்தது. பயிற்சி பெற்றோர் மொத்தம் 2,912 பேர். அவர்கள் அறிவித்த மீட்புகள் 327. பயிற்சி அடர்ந்த இடத்தில் இறப்பு மேலும் குறைந்தது என்ற இந்தப் படிநிலைதான் அந்த ஆய்வின் கனம். வட கரோலினா மலைப்பகுதியிலுள்ள வில்க்ஸ் கவுன்ட்டியில் நிலைமை வேறு. அங்கே மக்களைக் கொன்றது தெருவில் விற்ற ஹெராயின் அல்ல, மருத்துவர்கள் எழுதித் தந்த வலிமாத்திரைகள். ஃபிரெட் பிராசன் என்னும் மதகுரு முன்னெடுத்த ‘லாசரஸ் திட்டம்’ மருத்துவர்களையும் தேவாலயங்களையும் பள்ளிகளையும் ஒருசேர இழுத்து வந்தது. 2009இல் லட்சத்துக்கு 46.6 ஆக இருந்த மிகையளவு இறப்பு அடுத்த ஆண்டில் 29 ஆக இறங்கியது. இங்கே நாலோக்சோனின் பங்கு எவ்வளவு, மருத்துவர்கள் கைக்கொண்ட எச்சரிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரே ஓராண்டின் சரிவை வைத்துப் பெரிய முடிவுக்கு வருவதும் பொருந்தாது.

நாடு தழுவிய திட்டமாக இதை முதலில் நடைமுறைப்படுத்தியது ஸ்காட்லாந்து. 2011இல் தொடங்கிய அத்திட்டம் சிறைவாயிலைக் குறிவைத்தது. காரணம் உடலியல் சார்ந்தது. தொடர்ந்து ஓப்பியாய்டு உட்கொள்ளும் உடல் அதற்குப் பழகி, அதே விளைவுக்கு மேலும் மேலும் அளவு கேட்கும். இதற்குச் சகிப்புத்தன்மை என்று பெயர். சிறையில் சில மாதங்கள் போதையின்றி இருந்தவரின் சகிப்புத்தன்மை கரைந்துபோகிறது, ஆனால் அவர் மனம் நினைவில் வைத்திருப்பது பழைய அளவைத்தான். எனவே விடுதலைக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் வேறெந்தக் காலத்தையும்விடக் கொடியவை. ஸ்காட்லாந்தில் நிகழ்ந்த ஓப்பியாய்டு தொடர்பான இறப்புகளில், சிறையிலிருந்து வெளிவந்த நான்கு வாரங்களுக்குள் நேர்ந்தவற்றின் பங்கு 2006–10 காலத்தில் 9.8 விழுக்காடாக இருந்து, 2011–13 காலத்தில் 6.3 விழுக்காடாகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மிகையளவைக் காண வாய்ப்புள்ள எவருக்கும் நாலோக்சோனும் பயிற்சியும் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததற்குப் பின்னே இத்தகைய அனுபவங்கள் இருந்தன.

பயிற்சியில் கற்பிக்கப்படுவது மிகக் கொஞ்சம். அதுவே அதன் வலிமை. ஊசி மாற்றும் நிலையங்களில் நின்றவாக்கிலேயே பத்து நிமிடத்தில் முடித்துவிடும் வழக்கமும் உண்டு. முதலாவது, தூக்கத்தையும் மிகையளவையும் பிரித்தறிதல்: பெயர் சொல்லி உரக்க அழைத்தும், விரல் முட்டிகளால் மார்பெலும்பை அழுத்தித் தேய்த்தும் விழிக்காதவர், கண்மணி குண்டூசி முனையாய்ச் சுருங்கியவர், தொண்டையில் கரகரவென்று குறட்டை போன்ற ஒலி எழுப்புபவர் ஆபத்தில் இருக்கிறார். உதடு நீலம்பாரிக்கும் என்று பாடப்புத்தகங்கள் எழுதுவது வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து. கறுத்த தோலில் உதடும் நகக்கண்ணும் சாம்பல் பூத்தாற்போல் வெளிறும் என்பதைப் பல பயிற்சிகள் பிந்தியே சேர்த்துக்கொண்டன. ‘குறட்டை விடுகிறான், தூங்கட்டும்’ என்று விட்டுவிட்ட வீடுகளில் காலையில் பிணம் கிடந்த செய்தி பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அடுத்தது மருந்து. மூக்கில் பீய்ச்சும் கருவியில் இருப்பது ஒரே ஒரு வேளை அளவு. வாசனைத் திரவியக் குப்பியைப் போல ஒருமுறை சோதித்துப் பார்க்க அழுத்தினால் மருந்து முழுவதும் காற்றில் போய்விடும் என்பதைப் பயிற்சியாளர் தவறாமல் எச்சரிக்கிறார். ஊசி வகையில் 0.4 மில்லிகிராம் கொண்ட சிறு குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சி, தொடைச் சதையில் துணியோடு சேர்த்தே குத்தலாம். கைப்பழக்கத்துக்கு ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பார்ப்பது பல பயிற்சிகளில் வழக்கம். இரண்டு மூன்று நிமிடம் காத்தும் மூச்சு திரும்பாவிடில் இரண்டாம் முறை.

அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் என்ன செய்வது என்பதில்தான் நல்ல பயிற்சிக்கும் சடங்குப் பயிற்சிக்கும் வேறுபாடு தெரிகிறது. தலையைப் பின்சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து விநாடிக்கு ஒன்றாக மூச்சு ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். உயிரைப் பிடித்து நிறுத்துவது பிராணவாயு. அதை உடல் தானே இழுத்துக்கொள்ளும் நிலைக்கு விரைவில் கொண்டுவருவது நாலோக்சோன். வாயோடு வாய் வைக்கத் தயங்குபவர்களுக்காகப் கனடாவில் வழங்கப்படும் பல நாலோக்சோன் பெட்டிகளில் முகக்கவசமும் கையுறையும் வைக்கப்பட்டுள்ளன. எனினும் காவலர்களுக்கான குறும்பயிற்சிகளில் மூச்சு ஊதும் பகுதி நழுவிப்போய், கருவியை அழுத்துவது மட்டுமே எஞ்சி நிற்பதுண்டு. விளைவாக, முதல் பீய்ச்சலுக்கு உடனே எழாதவர்மீது பதற்றத்தில் அடுத்தடுத்துப் பீய்ச்சுகிறார்கள். மூச்சு சீராகி ஒருக்களித்துப் படுத்திருப்பவர் கண் விழிக்காவிட்டாலும் பிழைத்துவிட்டார் என்பது அவர்களுக்குக் கற்றுத்தரப்படவில்லை. மருந்தின் ஆற்றல் அரைமணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தேய்ந்துவிடும், உடலில் தங்கிய ஓப்பியாய்டு அதைவிட நீடித்தால் மயக்கம் மீளக்கூடும், ஆகையால் கூடவே இருக்க வேண்டும் என்பதும் இப்படியே உதிர்ந்துபோகும் பாடங்களில் ஒன்று.

ஃபென்டனில் மார்ஃபினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வீரியமுடையது. எனவே மாற்று மருந்தையும் கூட்ட வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 2015இல் ஒப்புதல் பெற்ற, மூக்கில் பீய்ச்சும் ‘நார்கன்’ கருவி 4 மில்லிகிராம் நாலோக்சோன் கொண்டிருக்க, 2021இல் 8 மில்லிகிராம் கருவி சந்தைக்கு வந்தது. நியூயார்க் மாநிலக் காவலர்கள் இரண்டையும் பயன்படுத்திய நிகழ்வுகளை ஒப்பிட்டு 2024இல் வெளியான ஆய்வில், பிழைத்தோர் விகிதத்தில் வேறுபாடு எதுவும் இல்லை. மாறாக 8 மில்லிகிராம் பெற்றவர்களிடம் வாந்தி முதலான விலகல் துன்பங்கள், அதாவது போதை திடீரென அறுபடுவதால் உடல் படும் வேதனைகள், இரண்டரை மடங்கு மிகுந்திருந்தன. அந்த வேதனையோடு எழுபவர் உடனே மறுபடி போதையைத் தேடி ஓடவும், அடுத்தமுறை அழைக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவைக்கவும் காரணம் இருக்கிறது. கூடுதல் வீரியம் விற்பனைக்கு உதவலாம். பாதிக்கப்பட்டவருக்கு உதவியதாகத் தெரியவில்லை. சைலசின் போன்ற கால்நடை மயக்க மருந்துகள் கலந்த சரக்கில் நாலோக்சோன் அந்தக் கலப்பின்மேல் வேலை செய்யாது. அப்போதும் மூச்சு ஊதுதல் தொடர்ந்து பயன்தரும்.

பயிற்சி பெற்றவர் அவசர அழைப்புக்கு முன் தயங்குவது காவல்துறைக்கு அஞ்சி. விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்று 2019இல் திருத்தப்பட்ட இந்திய மோட்டார் வாகனச் சட்டம் கூறுவதையும், அத்தகையோரைத் தமிழ்நாட்டில் ‘நற்கருணை வீரர்’ என்று அழைப்பதையும் வாசகர் அறிவர். அதைப் போலவே, மிகையளவுக்காக அழைப்பவர்மேல் போதைப்பொருள் வைத்திருந்த வழக்குப் போடாதிருக்கும் சட்டத்தை அமெரிக்காவில் முதலில் இயற்றியது, 2007இல், அதே நியூ மெக்சிகோ. கனடா 2017இல் நாடு முழுமைக்கும் இயற்றியது. ஆனால் இச்சட்டங்கள் பழைய பிடியாணையையோ நன்னடத்தை விதிமீறலையோ எல்லா இடங்களிலும் மன்னிப்பதில்லை. அந்தச் சிறு விலக்குகளைத் தெருவில் இருப்பவர்கள் வழக்கறிஞரைவிட நன்றாக அறிவார்கள்.

மருந்து யார் கையில் என்பதற்கு வருவோம். 2010இல் மாசசூசெட்ஸின் குவின்ஸி நகரக் காவல்துறை தன் காவலர்களை நாலோக்சோன் எடுத்துச் செல்லப் பணித்தது. 2018இல் அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவர் ஜெரோம் ஆடம்ஸ் குடிமக்களும் வைத்திருக்குமாறு அறிவுறுத்தினார். 2023 மார்ச்சில் நார்கனுக்குச் சீட்டின்றி விற்கும் ஒப்புதல் கிடைத்தது. நூலகர்கள், ஆசிரியர்கள், ஓட்டல் ஊழியர்கள் எனப் பயிற்சி பரவியது. இவை எதையும் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் மிகையளவு நேரும்போது அதே அறையில் இருப்பவர் பெரும்பாலும் இன்னொரு பயனர், அல்லது துணைவர், அல்லது தாய். ஒரு நூலகர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஒருமுறை காணக்கூடியதை, ஊசி நிலையத்துக்கு வரும் ஒருவர் ஓராண்டில் பலமுறை காண்கிறார். சாட்சியுள்ள மிகையளவுகளில் 80 விழுக்காட்டில் நாலோக்சோன் கைக்கெட்ட வேண்டும் என்ற இலக்கை வைத்து 2022இல் வெளியான ஒரு கணிதமாதிரி ஆய்வும், பயனர்கள் வரும் சமூகத் திட்டங்களும் சீட்டின்றிப் பெறும் மருந்தகங்களுமே அதை எட்டும் வழிகள் என்றது. மருந்தகத்தில் இரண்டு கருவி கொண்ட பெட்டி 2023இல் 45 டாலர் அளவில் விற்பனைக்கு வந்தது. தெருவில் வாழ்பவர் அதை வாங்குவார் என எதிர்பார்க்க முடியாது. தானே பேசி வழிகாட்டும் ஊசிக்கருவி ஒன்றின் விலை 2014இல் சில நூறு டாலராக இருந்து சில ஆண்டுகளில் நான்காயிரத்தைத் தாண்டியதும், 2021இல் ஓர் உற்பத்தித் தடங்கலால் தொண்டமைப்புகளின் மலிவான குப்பிகள் மாதக்கணக்கில் கிடைக்காமல் போனதும், பயிற்சி எவ்வளவு சிறப்பாயினும் கையில் மருந்தில்லையேல் பாதிப் பாடமே என்பதைக் காட்டின.

மீட்பு எளிதானால் துணிந்து அதிகம் பயன்படுத்துவார்கள் என்ற எதிர்வாதம் பழையது. பொருளியலார் இருவர் 2018இல் மாநிலச் சட்டங்களை ஒப்பிட்டு இதற்கு ஆதரவாக வெளியிட்ட கட்டுரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. சட்டம் இயற்றிய நாளை மருந்து பரவிய நாளாகக் கொண்டதும், அதே ஆண்டுகளில் ஃபென்டனில் பரவியதைப் போதுமான அளவு பிரித்தெடுக்காததும் அதன் பலவீனங்களாகச் சுட்டப்பட்டன. நாலோக்சோன் எழுப்பும்போது வரும் வேதனையை ஒருமுறை பட்டவர் அதை ஒரு காப்பீடாக நினைத்து இன்னொருமுறை விரும்பிப் போவார் என்பது, பயனர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர் சொல்லக்கூடியதே தவிர அவர்களோடு பேசியவர் சொல்லக்கூடியதன்று.

உண்மையான வரம்பு வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் எல்லாப் போதைப்பொருள்களாலுமான மிகையளவு இறப்புகள் 2022இல் 1,07,941 என்ற உச்சத்தைத் தொட்டு, 2024இல் 80,000 அளவுக்கு இறங்கின. நாலோக்சோன் மிகுந்த ஆண்டுகளிலேயே இறப்பும் ஏறியது, பின் இறங்கியது. இரண்டையும் மருந்தின் கணக்கில் எழுதுவது பிழை. கென்டக்கி, மாசசூசெட்ஸ், நியூயார்க், ஒஹாயோ மாநிலங்களின் 67 சமூகங்களில், நாலோக்சோன் வழங்கலோடு சிகிச்சையையும் சேர்த்துத் தீவிரப்படுத்திப் பார்த்த பெருஞ்சோதனை 2024இல் முடிவை வெளியிட்டபோது, இறப்பு வீதத்தின் வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதாக இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2016–17இல் பாதுகாப்புத் திட்டங்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட இறப்புகளைத் தவிர்த்தன, அவற்றில் பாதிக்கு மேல் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நாலோக்சோனால் என்று ஒரு மாதிரி ஆய்வு மதிப்பிட்டது. அதே காலத்தில் அங்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தும் போனார்கள். மயங்கியவர் தமக்குத் தாமே மருந்து செலுத்திக்கொள்ள முடியாது. அமெரிக்க இறப்புப் பதிவுகளில் உதவக்கூடிய ஒருவர் அருகில் இருந்தவை சுமார் நாற்பது விழுக்காடே. அவர்களும் பலசமயம் அடுத்த அறையில் இருந்தார்கள், அல்லது தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவிலும் இக்கேள்வி அயலானதன்று. 2019இல் வெளியான அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணக்கெடுப்பு நாட்டு மக்களில் 2.06 விழுக்காட்டினர் ஓப்பியாய்டு பயன்படுத்துவதாகக் கண்டது. மணிப்பூரிலும் நாகாலாந்திலும் தொண்டமைப்புகளின் களப்பணியாளர்கள் நாலோக்சோன் ஊசியோடு ஓடிய அனுபவம் உண்டு. ஆயினும் மருந்து இங்கே பெரும்பாலும் மருத்துவமனைக் குப்பியாகவே இருக்கிறது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பயன்படுத்துவதையே குற்றமாக வைத்திருப்பதால், பக்கத்தில் இருப்பவர் முதலில் பார்ப்பது வாசற்கதவைத்தான்.

தனியே பயன்படுத்துவோரை எட்டுவதற்கு கனடாவின் வான்கூவர் நகரில் டவுன்டவுன் ஈஸ்ட்சைடு பகுதியில் நடந்துவரும் முயற்சி பயிற்சி என்ற சொல்லுக்கே வேறு பொருள் தந்திருக்கிறது. ஒருவருக்கு ஓர் அறை, தளத்துக்குப் பொதுக் கழிப்பறை என்ற அமைப்புள்ள அங்குள்ள பழைய விடுதிகளில் இறப்புகள் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் நிகழ்ந்தன. விடுதிவாசிகளே பயிற்சி பெற்று, தாழ்வாரச் சுவரில் நாலோக்சோன் பெட்டிகளை மாட்டி, குறைந்தவற்றை நிரப்பி, புதிதாகக் குடிவருவோருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு அவர்களுக்குச் சிறு ஊதியமும் உண்டு. அவர்கள் கற்றுக்கொண்டதில் கருவியை அழுத்துவதைவிட நேரம் பிடித்தது, தனியே பயன்படுத்தப் போகும் அண்டை அறைக்காரர் முன்கூட்டியே அதைச் சொல்லிவைக்கும் அளவுக்கு அவருடைய நம்பிக்கையைப் பெறுவதும், சொன்ன நேரம் கடந்ததும் போய்க் கதவைத் தட்டுவதும்.